வாக்குப் பெட்டியைச் சனத்திடமிருந்து தூரமாக்காதீர்கள்

சின்ன வாக்களிப்பு நிலையங்களைப் பக்கத்து நிலையங்களோடு சேர்ப்பதைப் பற்றிப் பேசிய கூட்டத்தின் வீடியோவை நானும் பார்த்தேன். “இந்தக் கொஞ்சச் சனத்துக்கு ஒரு பெட்டியா?” என்று அங்கே ஒருவர் கேட்டதைவிட, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்ததுதான் மனதில் நிற்கிறது. சிரித்தவர்களில் தீவகத்து, அதாவது யாழ்ப்பாணத்தை அண்டிய தீவுகளின், உள்ளூராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். அதுதான் கூடுதலாக நோகிறது.

வாக்காளர் தொகை மிகக் குறைந்த வாக்களிப்பு நிலையங்களைப் பக்கத்து நிலையங்களோடு சேர்த்துவிட்டால் உள்ளூராட்சித் தேர்தலைச் சுலபமாக நடத்தலாம், செலவும் மிச்சம் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு நிலையம் என்றால் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் வேண்டும், உதவிக்கு உத்தியோகத்தர்கள் வேண்டும், பொலிஸ் வேண்டும், வாகனம் வேண்டும், சில இடங்களுக்குப் படகும் வேண்டும். எல்லாம் செலவுதான். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நிலையத்தைச் சேர்த்ததும் அந்தச் செலவு இல்லாமல் போய்விடுகிறதா? இல்லை. அரசாங்கத்தின் கணக்கிலிருந்து எடுத்து வாக்காளரின் தலையில் வைக்கிறீர்கள். ஓட்டோக் கூலியாக, வெயிலாக, முழங்கால் நோவாக அவர் அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். நீங்கள் மிச்சம் பிடித்தது அவருடைய வாக்கை.

என் பெரியம்மா தீவகத்தில், புங்குடுதீவில் தனியே இருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து போன அயலவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. சுற்றவர உள்ள வளவுகளில் கூரையில்லாத சுவர்களும் பற்றையும்தான். 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலன்று, அவர் விடியவே எழும்பித் தலைக்குக் குளித்து, வாக்காளர் அட்டையையும் அடையாள அட்டையையும் ஒரு சின்னப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெயில் ஏற முதலே நடந்து போய் வாக்களித்துவிட்டு வந்தார். பள்ளிக்கூடம் கிட்ட என்பதால் முடிந்தது. அவருடைய சிநேகிதி ஒருவர் கொஞ்சம் தள்ளி இருக்கிறார். அவருடைய வீட்டுக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடம் பிள்ளைகள் இல்லையென்று மூடப்பட்டபோது வாக்களிப்பு நிலையமும் அதோடு எட்டப் போய்விட்டது. அவர் அன்றைக்குப் போகவில்லை. “பஸ் எப்ப வருமெண்டு தெரியாது பிள்ளை, இந்த வெயிலுக்குள்ள என்னெண்டு நடக்கிறது? என்ர ஒரு வோட்டாலதான் எல்லாம் மாறப்போகுதே?” என்றார். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்த கதையை இன்றும் ஆசையாகச் சொல்லுகிற மனிசி அவர்.

“ஆராவது ஏற்றிக்கொண்டு போய் இறக்கலாம்தானே” என்று கீழே எழுத வருபவர்களுக்கு: வேட்பாளரோ கட்சிக்காரரோ வாக்காளரை வாகனத்தில் ஏற்றி இறக்குவது தேர்தல் சட்டப்படி குற்றம். தபால் வாக்கும் வயது போனவர் என்பதற்காகக் கிடைக்காது. அது கடமையில் இருக்கும் அரச ஊழியர்கள், பொலிசார், படையினர் போன்றவர்களுக்குத்தான். நடக்க இயலாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வாகனத்துக்கு அனுமதி எடுக்கலாம் என்பீர்கள். அந்தப் படிவத்தை எடுத்து, நிரப்பி, கொண்டு போய்க் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் அவர் ஏன் இவ்வளவு யோசிக்கப் போகிறார்?

ஒரேயொரு மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன். சின்ன நிலையத்தில் விழுந்த வாக்குகளைத் தனியாக எண்ணினால், எந்த ஒழுங்கை யாருக்குப் போட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அது உண்மையான பயம். பிறகு வீதி போடவும் லைற் போடவும் வரும்போது அதைப் பார்த்துப் பழிவாங்குவார்கள். சரி, அதற்கு வழி இருக்கிறது: வாக்குகளைக் கலந்து எண்ணுங்கள். ஒரே வட்டாரத்துப் பெட்டிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து எண்ணலாம்தானே. எண்ணுவதைச் சேருங்கள், வாக்களிக்கிற இடத்தைச் சேர்க்காதீர்கள். பெட்டிக்குக் கால் நோகாது.

தூரமான பெட்டி என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பல ஊர்களின் நிலையங்களை ஓரிடத்தில் கூட்டிவைத்த கொத்தணி வாக்களிப்பு நிலையங்களை மறந்துவிட்டோமா? 2001 டிசம்பர் 5 பொதுத் தேர்தலில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிச் சனத்துக்கான நிலையங்களை இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியில் வைத்துவிட்டு, தேர்தலன்று சோதனைச் சாவடிகளை மூடினார்கள். வந்த சனம் வாக்களிக்காமல் திரும்பியது. அது வாக்குரிமை மீறல் என்று பிறகு உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அது யுத்த காலம், இது வேறு என்பீர்கள். வேறுதான். இன்றைக்கு யாரும் பாதையை மூடவில்லை. ஆனால் வாக்காளர் நடந்து போக முடியாத இடத்தில் பெட்டி இருந்தால் அவருக்கு முடிவு ஒன்றுதான்.

செலவைக் குறைக்க வேண்டுமா? 2018இல் வட்டாரமும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்புத் தேர்தல் முறை வந்தபோது நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர் தொகை 4,500 அளவிலிருந்து 8,000க்கு மேல் போனது. அவர்களுக்கு மாதா மாதம் கொடுப்பனவு. அதைக் குறைக்கச் சொல்லி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு நாளைக்குத் திறக்கிற பள்ளிக்கூட மண்டபம்தான் அவர்களுடைய கண்ணில் குத்துகிறது.

“நீ ரவுணுக்குள் இருந்துகொண்டு தீவகத்துக்கு அழுகிறாய்” என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். ஆம், நான் நல்லூரில்தான் இருக்கிறேன். வாக்களித்துவிட்டு வந்தால் போட்ட தேத்தண்ணி ஆறியிருக்காது. எனக்குக் கிடைக்கிற அதே வசதியைத்தான் பெரியம்மாவுக்கும் அவருடைய சிநேகிதிக்கும் கேட்கிறேன்.

இன்னொருவர், வெளிநாட்டில் இருப்பவர், “ஆக்களே இல்லாத இடத்தில் ஏன் வோட்டு, அவையை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்கிறார். தம்பி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 நாடாளுமன்ற ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. சனம் குறையக் குறைய எங்கள் குரலும் குறைகிறது. அதற்கு அழுகிற நீங்களே, மிஞ்சியிருக்கிற சனத்தை ஊரை விட்டு எழும்பச் சொல்கிறீர்கள். முதலில் பள்ளிக்கூடம் போனது, பிறகு பஸ் குறைந்தது, கடை பூட்டியது. அவ்வளவுக்கும் பிறகும் கிணற்றையும் கோயிலையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஊரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். உங்கள் வளவுக்குள் மாடு வந்தால் கலைத்துவிடுவதும் அவர்கள்தான். அவர்கள் இருக்கிற ஊரை ‘ஆக்களே இல்லாத இடம்’ என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்தக் கூட்டத்தில் சிரித்த தீவக உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாக்குக் கேட்டு அந்த ஒழுங்கைகளுக்குள் நீங்கள் வந்தீர்கள். அப்போது தூரம் என்று சொல்லவில்லை. அடுத்த சபை அமர்வில் எழும்பி, எங்கள் நிலையங்களைத் தொடக்கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். யார் கொண்டுவருகிறீர்கள், யார் கையை உயர்த்துகிறீர்கள் என்பதைப் பெயரோடு இங்கே எழுதுவேன்.