இருபது கிராம் பொருளும் 1.8 கிலோ கட்டணமும்

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் பொருளைக் கூரியரில் மட்டுமல்லாமல் அஞ்சலிலும் அனுப்பச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு முந்தாநாள் நடந்த வாக்குவாதத்தைப் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "வரி கட்ட வக்கில்லாதவர்கள் வெளிநாட்டில் ஏன் வாங்குகிறார்கள்?" என்று கேட்ட நண்பருக்கும், அதற்கு லைக் போட்ட நாற்பது பேருக்கும் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். நான் வரியைப் பற்றிப் பேசவே இல்லை. பொருள் எந்த வழியில் வர வேண்டும் என்பதைக் காசு கொடுக்கிற நான் முடிவு செய்ய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

நான் வாங்கியது அப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 கேமராவுக்கான பேட்டரி அடாப்டர். அதற்குரிய பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. இந்த அடாப்டருக்குள் 6 வோல்ட் பேட்டரியை வைத்தால்தான் கேமரா உயிர் பெறும். கட்டைவிரல் அளவு, இருபது கிராம் எடை, 1,400 ரூபாய். ஜப்பானிலிருந்து அதை அனுப்ப விற்பனைத் தளம் காட்டிய ஒரே வழி 2,600 ரூபாய்க் கூரியர். வந்த பெட்டியை அளந்து பார்த்தேன்: 30, 20, 15 சென்டிமீட்டர். பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்ற மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுப்பது கூரியர்காரர்களின் கணக்கு, விடை 1.8 கிலோ. காற்றுக்கு விமானக் கட்டணம் கட்டியிருக்கிறேன், வேறென்ன.

அதோடு முடியவில்லை. சுங்க வரிக்கான மதிப்பில் அனுப்பும் செலவும் சேரும் என்பதால் அதற்கும் வரி. என் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டிய பெருந்தன்மைக்காகக் கூரியர் நிறுவனம் வாங்கிய கட்டணமோ அந்த வரியைவிட அதிகம்.

2018இல் இதே ஜப்பானிலிருந்து ஒரு மைப்பேனா பதிவு அஞ்சலில் வந்தது. விற்பவர் கையால் நிரப்பிய பச்சைச் சுங்கச் சீட்டு, ஆர்ஆர் என்று தொடங்கி ஜேபி என்று முடியும் எண், பத்தொன்பது நாள் காத்திருப்பு. வரியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு தபால்காரர் ரசீதும் கொடுத்தார். எனக்கு அது போதும். அந்த வழியையும் தளம் காட்டும் பட்டியலில் வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

"தபாலில் தொலைந்து போகும்" என்கிறார்கள். தொலையட்டும், என் பொருள்தானே. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 800 டாலர் வரையிலான இறக்குமதிக்குத் தந்த வரிவிலக்கை நீக்கியபோது, நம் அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பெரும்பாலான பொதிகளை அக்டோபர் வரை நிறுத்தி வைத்ததைச் சிலர் நினைவூட்டினார்கள். நியாயமான பேச்சுதான்; அப்படி ஒரு வழி அடைபடும் நாளுக்காகத்தான் இன்னொரு வழியும் வேண்டும் என்கிறேன். கூரியர் வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? பரிசுப் பொருள் என்று எழுதி வரியில்லாமல் வரவழைக்கும் குறுக்கு வழியைச் சொல்லித் தருபவர்களுக்கு, அது 2019 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது என்பதாவது தெரிந்திருக்கலாம்.

"2,600 ரூபாய்க்கு அழுகிற கஞ்சன்" என்று எழுதியவருக்கு என்ன பதில் சொல்வதென்று உண்மையிலேயே தெரியவில்லை. பாதி எடுத்த பிலிம் சுருள் உள்ளே இருக்கும்போதே அப்பா போய்விட்டார்; கேமராவும் அத்தோடு நின்றது. அதற்காக 2,600 அல்ல, அதைப் போல் இரண்டு மடங்கும் கொடுத்திருப்பேன். ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்பதை என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

அடாப்டரைப் பொருத்தியதும் பேட்டரி விளக்கு எரிந்தது. அது வந்த கூரியர் பெட்டியில் அம்மா நாலு கிலோ சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறார்.