விண்மீனிடைத் தூசியில் இரும்பு எந்த வடிவில் இருக்கிறது?

விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசியைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அதன் சேர்மானத்தை அகச்சிவப்புக் கதிர்கள் மூலமே அறிகிறோம் என்று அது முடித்துவிடுகிறது. எக்ஸ் கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து ஆராயும் எக்ஸ் கதிர் நிறமாலையியலையும் அவசியம் சேர்த்திருக்க வேண்டும். 9.7 மைக்ரான் அலைநீளத்தின் அருகே தெரியும் அகச்சிவப்பு உட்கவர்தல், சிலிக்கேட் துகள்களைத் தெளிவாகவே காட்டுகிறது. ஆனால் உலோக இரும்பு அகச்சிவப்பில் தனக்கென்று அடையாளம் எதையும் விடுவதில்லை.

பிரகாசமான எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன் ஒன்றின் கதிர்கள் இடையிலுள்ள தூசியைக் கடந்து வரும்போது, 1.84 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே சிலிக்கனின் கே விளிம்பும், 0.7 அருகே இரும்பின் எல் விளிம்பும் (அணுவின் உள் எலக்ட்ரானை வெளியேற்றப் போதுமான ஆற்றலில் உட்கவர்தல் சட்டென உயரும் இடங்கள்) நிறமாலையில் படிகளாகப் பதிகின்றன. திண்மத் துகளில், அணுவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான் அலை பக்கத்து அணுக்களில் பட்டுத் திரும்பித் தன்னோடு தானே குறுக்கிடுவதால், அந்தப் படியை ஒட்டி நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் உண்டாகின்றன. தனித்த வாயு அணுவில் இவை தோன்றுவதில்லை. இரும்பு வாயுவாக இருக்கிறதா, ஆலிவின் போன்ற கனிமத்தில் கட்டுண்டிருக்கிறதா, உலோகமாகவே இருக்கிறதா என்று பிரித்தறிய இதுவே வழி.

1999இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் நிறமாலைகளை இப்படிப் படிக்க முடிவதற்கு, எலக்ட்ரான்களை அதிவேகமாகச் சுழற்றி வலுவான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் ஆய்வகங்களில் கனிம மாதிரிகளை ஒவ்வொன்றாக அளந்து வைத்தவர்களின் பொறுமையான உழைப்பும் காரணம். அதைப் பற்றியும் ஆசிரியர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.