ஐயர் ரவுண்ட்ஸ்

அப்பா கருஞ்சட்டைக்காரர். போக்குவரத்துக் கழக டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை முற்றி, வலது பாதத்தில் புண் ஆறாமல், கணுக்காலுக்கு மேலே எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டாம் நாள் காலை, திருநெல்வேலிப் பக்கத்து சிஸ்டர் ஒருவர் பெட்ஷீட்டை இழுத்துச் சரிசெய்தபடியே, "ஐயர் ரவுண்ட்ஸ் வர்றார் தாத்தா" என்றார். படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஐயரா? இங்கேயுமா?"

தென்மாவட்ட சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ வீடுகளில் சபைப் போதகரை ஐயர் என்பார்கள். அதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவரே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். அரைக்கைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அதில் 'சாப்ளின்' என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரி, பள்ளி, ராணுவம் மாதிரி இடங்களில் மனிதர்களுக்குத் துணையாக இருக்கவென்று வைத்திருக்கும் போதகர். ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் அப்பா. "சரிங்கய்யா. சும்மா உட்காரலாமா?"

அதற்கு எப்படி வேண்டாம் என்பது! ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பேசியதெல்லாம் லேலண்ட் வண்டிகளைப் பற்றித்தான்.

மறுநாள் நான் ஃபிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு வரும்போது, அப்பா தாழ்ந்த குரலில் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "வெட்டுற காலை என்ன தம்பி செய்வாங்க?"

ஒரு வாரமாக நாங்கள் கையெழுத்து, இன்சூரன்ஸ், செயற்கைக் கால் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இப்படி ஒரு கேள்வி அவருக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. சர்ஜனிடம் கேட்க வெட்கம். எங்களிடம் கேட்டால் அழுவோம். அந்த மனிதர், "அதெல்லாம் இப்போ எதுக்குங்கய்யா" என்று தட்டிக்கழிக்கவில்லை. "எனக்குச் சரியாத் தெரியல, கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து சொன்னார். மஞ்சள் பையில் கட்டி, மருத்துவக் கழிவுகளை எரிக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். சில குடும்பங்கள் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்ப் புதைப்பதும் உண்டு. அப்பா தன் கால் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எரிச்சிடச் சொல்லுங்க. நமக்குச் சடங்கு ஒண்ணும் கிடையாது." அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரத்தில் அந்தக் கட்டில் பக்கம் முப்பது பேராவது வந்திருப்பார்கள். ஊசியோடு, ஃபைலோடு, பில்லோடு, துடைப்பத்தோடு. கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர் இவர் ஒருத்தர்தான். டிஸ்சார்ஜ் ஆகிப் போகிற அன்று அப்பா கேட்டேவிட்டார், "சும்மா உட்கார்றதுக்கா தம்பி சம்பளம் குடுக்கிறாங்க?" "ஆமாங்கய்யா, அதுக்குத் தனியாப் படிச்சிட்டு வேற வந்திருக்கேன்" என்று சிரித்தார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, உண்மையிலேயே படிப்பு இருக்கிறது. 1925இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் தொடங்கிவைத்த பயிற்சி முறை. பாய்சனே மனநோயாளியாக ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடந்து மீண்டவர். நம் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் பயிற்சி நடக்கிறது. அதில் 'வெர்பேட்டிம்' என்று ஒரு பாடம் உண்டு. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததும் அவர் சொன்னது, நான் சொன்னது, இடையில் இருந்த மௌனம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். சக மாணவர்கள் அதை வைத்துக்கொண்டு பிய்த்து எடுப்பார்கள். 'அவர் பயமா இருக்குன்னு சொன்னதும் நீ ஏன் சாப்பிட்டீங்களான்னு கேட்டே? யாருடைய பயத்தை மூடினே?' இந்தப் பரீட்சை வைத்தால் நம் சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூடத் தேற மாட்டார்கள். நானும்தான்.

சரி, மதமாற்றம்? கமென்டில் முதலில் இதுதான் வரும் என்று தெரியும். நியாயமான கேள்வி. படுக்கையில் கிடப்பவனால் எழுந்து போக முடியாது. அவன் கையில் துண்டுப் பிரசுரத்தைத் திணிப்பது அயோக்கியத்தனம். கேட்காமலே நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போவதும் அதேதான். பிரிட்டனில் மருத்துவமனை சாப்ளின்களுக்கான நடத்தை விதிகள் பிரசாரத்தைத் தடுக்கின்றன. அங்கே அரசு மருத்துவமனைகளில் இந்து, முஸ்லிம் சாப்ளின்களும் உண்டு, எந்த மதமும் இல்லாதவர்களும் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சாப்ளின்கள் 2021இல் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்த கிரெக் எப்ஸ்டீன் ஒரு நாத்திகர். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் அந்த ஸ்டூலுக்கே மனுப் போட்டிருப்பார். மாறாக, டெக்சாஸில் 2023இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆசிரியர் சான்றிதழ் இல்லாமலே சாப்ளின்களைப் பள்ளிகளில் வேலைக்கு வைக்கலாம் என்று. அதை எதிர்த்து அந்த மாநிலத்தின் சாப்ளின்களே நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். எது தங்கள் வேலை, எது இல்லை என்று தெரிந்தவர்கள்.

மதச்சார்பற்ற நாட்டில் அரசாங்கம் எப்படி இதற்குச் சம்பளம் கொடுக்கும் என்பவர்கள் நம் ராணுவத்தைப் பார்க்கலாம். பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் எல்லோரையும் மத போதகர் என்ற பதவியில், ஜே.சி.ஓ. என்கிற இளநிலை அதிகாரி அந்தஸ்தில், ஆள் எடுக்கிறார்கள். ராணுவ வீரனுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்த அரசுக்கு, ஜெனரல் வார்டில் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவுக்கும் ஆள் வேண்டும் என்பது தெரியாதா?

மதம் வேண்டாம் என்றால் தாராளமாகக் கழற்றிவிடலாம். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அவரைப் பார்க்க நேரிலும் கூட்டம் வந்தது. காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுக் கொடுக்கச் சில தன்னார்வலர்களை உட்காரவைத்தார். பலபேர் அந்த டீயும் பேச்சுமே போதும் என்று, அவரைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்கள். மனிதர் புரிந்துகொண்டு, மறு வருடமே வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பித்த சினேகாவும் அதே வழியில் வந்ததுதான்.

நம் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையம் இருக்கிறது, உள்ளே ஆலோசகர் இருக்கிறார். அந்த வியாதிக்கு ஆள் போட முடிந்ததென்றால் கால் போகிறவனுக்கும், குறைப்பிரசவக் குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கும் போடலாம். வார்டுக்கு ஒருவர்கூட வேண்டாம், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இரண்டு பேர் போதும். பேர் என்னவாக இருந்தால் என்ன, ஐயர் என்று மட்டும் வைக்காதீர்கள்.

தனியாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நான்கு வருடம் கழித்து அம்மா ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் போனாள். அங்கே 'பேஷண்ட் ரிலேஷன்ஸ்' என்று கோட்டுப் போட்ட ஒரு பெண் இருந்தார். தினமும் வந்து, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று டேப்லட்டைக் காட்டுவார். அம்மா போனது விடியற்காலை மூன்று மணிக்கு. பில்லிங் கவுண்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். நான் சீட்டை வைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். வாசல் செக்யூரிட்டி அண்ணன், தான் உட்காரும் பிளாஸ்டிக் சேரைத் தூக்கிவந்து போட்டார். ரோட்டைத் தாண்டிப் போய் டீ வாங்கிவந்தார். "அம்மாவா?" என்றார். தலையாட்டினேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. விடிகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

இந்த வேலைக்கு முதல் ஆளை எடுக்கும்போது என்னைக் கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வேன். வெர்பேட்டிம் எழுதுவதை மட்டும் யாராவது சொல்லிக்கொடுங்கள்.