மூடிய சுருளோடு ஆடுவது அவமரியாதையா?

யூதர்கள் தங்கள் வேதமான தோராவின் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடும் அந்தக் காணொளியையும், அதற்கு மேல் நம் நண்பர் எழுதியிருந்த 'வேதத்தைத் தூக்கிக்கொண்டு குடித்துக் கூத்தடிக்கும் கூட்டம்' என்ற வரியையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே சிரித்துவிட்டுப் போனவர்களில் நான் மதிக்கும் சிலரும் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

காணொளியில் டிரம்ஸும் கிடாரும் ஒலிக்கின்றன. சிம்ஹத் தோரா என்ற யூத விழா நாளன்று மரபு வழுவாத யூதர்கள் வாத்தியம் வாசிப்பதுமில்லை, படம் பிடிப்பதுமில்லை. ஆகவே அது பெரும்பாலும், விழா முடிந்து இருட்டியபின் இஸ்ரேலியத் தெருக்களில் நடத்தும் 'இரண்டாம் சுற்று' ஆட்டமாகத்தான் இருக்கும். தீர்ப்பு எழுதுமுன் இதை விசாரித்திருக்கலாம்; ஆனால் தீர்ப்புதான் முதலிலேயே தயாராக இருந்ததே!

வாரம் ஒரு பகுதியாக ஆண்டு முழுவதும் வாசித்து, மோசேயின் ஐந்து நூல்களில் கடைசியான உபாகமத்தின் இறுதி அதிகாரத்தில் மோசேயின் மரணத்தோடு தோரா முடியும் நாள்தான் சிம்ஹத் தோரா. முடிந்த கையோடு, அதே அமர்வில், முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். முடிக்கும் பகுதிக்கு அழைக்கப்படுபவர் 'தோராவின் மணமகன்', தொடங்கும் பகுதிக்கு அழைக்கப்படுபவர் 'ஆதியின் மணமகன்'. அதற்கு முன்பாக ஜெப ஆலயத்துப் பேழையிலுள்ள சுருள்களையெல்லாம் வெளியே எடுத்து, வாசிப்பு மேடையை ஏழு முறை சுற்றி ஆடுகிறார்கள். கவனியுங்கள், ஆடும்போது சுருள் மூடியே இருக்கிறது. திறந்திருந்தால் பண்டிதன் முன்னால் நிற்பான், எழுத்தறியாதவன் ஓரமாக ஒதுங்குவான். மூடியிருப்பதால் இருவரும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள்.

லண்டனில் வேலை பார்த்தபோது சக ஊழியர் ஒருவர் அழைத்து இவ்விழாவுக்குப் போயிருக்கிறேன். வெல்வெட் உறையிட்ட சுருளின் உச்சியில் வெள்ளி மணிகள் குலுங்கின. 10 கிலோவுக்குக் குறையாத அந்தச் சுமையை நடுங்கும் கைகளோடு ஒரு முதியவர் வாங்கியபோது, இளைஞர் இருவர் அவருடைய முழங்கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். பிறகு பெரிய தொழுகைச் சால்வையை நால்வர் விரித்துப் பிடிக்க, அதனடியில் சிறுவர்கள் கூடி நின்று ஆசி வாங்கினார்கள். மறுகணம் மிட்டாய்க்கு ஒரே அடிதடி. சுருள் கீழே விழுந்தால் நோன்பிருப்பது மரபு என்று சொல்லி, அதைக் கடத்திய ஒவ்வொரு முறையும் அவர்கள் காட்டிய கவனத்தை நண்பர் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார், எழுதியிருப்பாரோ என்னவோ.

குடிக்கிறார்களா என்றால், குடிக்கிறார்கள். அர்ச்சகர் குலத்தார் குடித்துவிட்டு ஆசி கூறக் கூடாது என்பதற்காகவே பல சபைகளில் அன்று அந்தச் சடங்கைக் காலைத் தொழுகைக்கு முன்னகர்த்தியிருக்கிறார்கள். ஆனால் ஊர்வலத்துக்கு முன் ஒரு குவளை ஏற்றிக்கொள்ளாத திருவிழா எந்த ஊரில் இருக்கிறது? 1663 அக்டோபரில் லண்டன் யூத ஜெப ஆலயத்துக்குப் போன, நாட்குறிப்புக்காகவே பெயர்பெற்ற ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸும் ஒழுங்கற்ற கூத்து என்றுதான் நாட்குறிப்பில் முகம் சுளித்தார்; தான் போனது இதே விழா நாள் என்பதை அவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

'காசா எரியும்போது இது தேவையா' என்பவர்களுக்கு: 2023 அக்டோபர் 7 இஸ்ரேலில் இவ்விழா நாள்தான். அன்று கொல்லப்பட்டவர்களைப் பற்றியும், அதன்பின் காசாவில் கொல்லப்பட்ட குழந்தைகளைப் பற்றியும் இதே பக்கத்தில் எழுதினேன்; அப்போது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஓர் அரசின் குற்றத்துக்கு ஒரு சுருளும் அதைச் சுமக்கும் கிழவரும் எப்படிப் பொறுப்பாவார்கள்? 1960களில் சோவியத் உளவாளிகளின் கண்ணெதிரே மாஸ்கோ ஜெப ஆலயத்தின் முன் இதே இரவில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடி ஆடினார்கள். அவர்களில் பலருக்கு எபிரேய எழுத்தே தெரியாது. மூடிய சுருள் என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வது இதனால்தான்.

'அந்நியக் கூத்து நமக்கெதற்கு' என்றும் நண்பர் கேட்டிருக்கிறார். 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் நிற்கும் கொச்சி, சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் தூரம்தான். சிம்ஹத் தோராவுக்கு அலங்கரித்த தனிப் பேழையில் சுருள்களை வைத்து, மாலையில் ஆலயத்துக்கு வெளியேயும் வலம் வந்தவர்கள் கொச்சி யூதர்கள். அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அதே கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நின்று எடுத்துக்கொண்ட படம்தான் இன்றளவும் நண்பரின் முகப்புப் படம்.