ஏழு வருஷம் என்று எழுதிய தீர்ப்பு

ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட பிரிட்டிஷ் சிறுவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு பதில்தான் கிடைக்கும். "ஒரு ரொட்டி திருடினதுக்கா இப்படி!" என்று உச்சுக் கொட்டுவார்கள். இல்லையென்றால், "அங்கே போனதால்தான் பிழைத்தார்கள், லண்டனிலேயே இருந்திருந்தால் தூக்குதான்" என்பார்கள். தண்டனைக் காலத்தை இரு தரப்பும் கவனிப்பதில்லை. சில்லறைத் திருட்டுக்குப் பெரும்பாலும் விதித்தது ஏழு வருஷத் தீவாந்தரம், அதாவது கடல் கடத்தல். அது காகிதத்தில் மட்டும்தான் ஏழு வருஷம் என்பது என் கட்சி.

முதலில் திருட்டு. லண்டன் பையன்கள் அதிகம் குறிவைத்தது ரொட்டியை அல்ல, பட்டுக் கைக்குட்டையை. கோட்டுப் பையிலிருந்து உருவுவது சுலபம். ஹோல்பர்ன் பக்கம் ஃபீல்டு லேன் சந்தில் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். பிடிபட்டால் வழக்கு நடத்துவது பொதுவாகப் பறிகொடுத்தவரே. குற்றப்பத்திரிகையில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே விலை இருக்கும், உயிர் அந்த விலையில் தொங்கும். ஆளறியாமல் பையிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு (12 பென்ஸ்) மேல் எடுத்தால் 1808 வரை தூக்கு. அதனால் ஜூரிகள் பொருளின் மதிப்பைப் பத்து பென்ஸாக்கித் தீர்ப்புச் சொல்வார்கள். கழுத்து தப்பும், கப்பல் தப்பாது: 1718 சட்டப்படி ஒரு ஷில்லிங்குக்குக் குறைந்த திருட்டுக்கும் ஏழு வருஷம் கடல் கடத்தலாம். இதைத்தான் அன்று கருணை என்றார்கள்.

ஜான் ஹட்சன் வழக்கைப் பாருங்கள். 1783 டிசம்பர், லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றம். ஒரு வீட்டில் புகுந்து லினன் சட்டை, ஐந்து பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன் எடுத்ததாகக் குற்றச்சாட்டு. சாட்சியம், மேஜையில் கரி படிந்த சின்னக் கால்தடம். வயது கேட்டதற்கு, ஒன்பது நடக்கிறது என்றான். தொழில்? எப்போதாவது புகைபோக்கி துடைப்பது. அப்பா அம்மா? செத்துவிட்டார்கள். எப்போது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரவில் வீடு புகுந்ததை நிரூபித்தால் தூக்கு என்பதால் ஜூரி அதை விட்டுவிட்டுத் திருட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. ஏழு வருஷம்.

1784இல் அமெரிக்காவுக்கென்று கிளம்பிய மெர்க்குரி கப்பலில் ஏற்றினார்கள். கைதிகள் கலகம் செய்து கப்பலைப் பிடித்து டோர்பேயில் கரையிறங்க, அவனும் திரும்பப் பிடிபட்டான். பிறகு பிளிமத்தில் டன்கர்க் என்ற சிறைக்கப்பல். 1787 மே மாதம், ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிப் போன முதல் கப்பற்படையின் ஃபிரெண்ட்ஷிப் கப்பலில் புறப்படும்போது தண்டனையில் மூன்று வருஷத்துக்கு மேல் கழிந்துவிட்டது, வயது சுமார் பன்னிரண்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே இருந்ததற்காக 50 கசையடி வாங்கியது 1791 பிப்ரவரியில். கணக்குப் போடுங்கள், ஏழு வருஷம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இது ஒருவனுக்கு மட்டும் நேர்ந்த கொடுமை இல்லை. ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் சிட்னியில் இறங்கியபோது கைதிகளின் தண்டனைக் காலத்தைச் சொல்லும் தாள்கள் அவர் கையில் இல்லை. "என் காலம் முடிந்தது" என்று வந்து நின்றவனுக்கு ஆதாரம் காட்ட வழியில்லை, வேலை செய் என்றுதான் பதில்.

தீவாந்தரம் விதித்தால் கப்பலேற்றித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. (வ.உ.சி.க்கு 1908இல் விதித்ததும் தீவாந்தரம்தான், ஆயுள் முழுக்க. கழித்தது கோவை, கண்ணூர்ச் சிறைகளில்.) இங்கிலாந்தின் சாத்தம் துறைமுகத்தில் யூரியாலஸ் என்ற பழைய போர்க்கப்பலை 1825 முதல் 1843 வரை சிறுவர்களுக்கென்றே சிறையாக்கி வைத்திருந்தார்கள்.

கப்பலில் ஆறடிக்கு ஆறடிப் படுக்கைத் தட்டில் நான்கு பேர், ஆளுக்கு 18 அங்குலம். 1790இல் போன இரண்டாம் கப்பற்படையில் ஒப்பந்தக்காரருக்கு ஏற்றிய தலைக்குப் பணம், உயிரோடு இறக்கியதற்கு அல்ல. சுமார் நாலில் ஒருவர் வழியிலேயே செத்தார்கள். பிற்பாடு உயிரோடு இறக்கிய ஆளுக்கு இவ்வளவு என்று மருத்துவருக்கு ஊக்கத்தொகை வைத்தார்கள், கப்பலில் அவருக்கு அதிகாரமும் கொடுத்தார்கள். சாவு சரசரவென்று குறைந்தது.

வான் டீமன்ஸ் லேண்டில், அதாவது இன்றைய டாஸ்மேனியாவில், இன்னொரு சிக்கல். உடம்பில் வலுவும் கையில் தொழிலும் இல்லாத பையன்களைக் குடியேறிகள் வேலைக்கு எடுக்கவில்லை. அதற்காகவே 1834இல் போர்ட் ஆர்தர் அருகே பாயின்ட் பியூர் என்ற சிறுவர் சிறை. 1849இல் மூடும்வரை சுமார் 3,000 பையன்கள் அங்கே தச்சு, செருப்புத் தையல், கல் செதுக்கல் படித்தார்கள். "பிழைத்தார்கள்" கட்சிக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். தொழில் கற்றது உண்மை. ஆனால் ஊர் திரும்ப அரசு கப்பல் கட்டணம் கொடுக்கவில்லை. காலம் முடியுமுன் திரும்பினால் 1834 வரை தூக்கு, முடிந்தபின் திரும்பக் காசு கிடையாது. மாலுமியாகச் சேர்ந்தோ சேமித்தோ சிலர் வந்தார்கள். பெண்களுக்கு மாலுமி வழியும் அடைப்பு.

1847இல் சட்டம் மாறியது. பதினாலு வயது தாண்டாதவரின் சாதாரணத் திருட்டை ஜூரி இல்லாமல் இரண்டு மாஜிஸ்திரேட்டுகளே விசாரிக்கலாம், அதிகபட்சம் மூன்று மாதம். அதே கைக்குட்டைதான்.

ஓல்டு பெய்லி பதிவுகள் இணையத்தில் இலவசம். படிக்கிறவர்கள் குற்றச்சாட்டில் உள்ள விலையையும் தீர்ப்பில் உள்ள விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வயதை அப்படியே நம்பாதீர்கள். பல பையன்களுக்குத் தங்கள் வயதே சரியாகத் தெரியாது. தீர்ப்புத் தேதியையும் கப்பல் கிளம்பிய தேதியையும் கழித்துப் பார்க்காமல் யாருடைய ஏழு வருஷத்தையும் எண்ண ஆரம்பிக்காதீர்கள்.