வேலிப் பொட்டு இருக்க ஒழுங்கை சுற்றுவானேன்?

நல்லூர்த் தேரன்று மச்சாள் தெற்கு வீதியில், நான் கிழக்கு வீதி மூலையில். இடையில் நூறு மீற்றர்கூட இராது. "கச்சான் கடையடியில் நிற்கிறேன்" என்று மச்சாள் அனுப்பிய செய்தி, இருவரும் வீட்டுக்கு வந்த பிறகுதான் என் போனில் விழுந்தது.

அந்தச் செய்தி டவருக்கு ஏறி, எங்கோ சுற்றி, திரும்ப இறங்க வேண்டும். பக்கத்து வளவுக்குக் கறி கொடுக்க வேலிப் பொட்டு இருக்க, ஒழுங்கை சுற்றிப் போவது போல.

போனும் போனும் நேரே பேச எல்டிஇ (4ஜி) விதிகளில், 2015இல் முடிந்த 12ஆம் வெளியீட்டிலேயே இடம் உண்டு. புளூடூத் போதாதா என்றால், அதன் அலைவரிசையில் பங்கு பிரிக்க ஆள் இல்லை. தேர்க்கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாகக் கத்தினால் யாருக்கு என்ன கேட்கும்?

மொபைலில் பங்கு பிரிப்பது டவர். 10 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையை, இரு ஓரத்திலும் கொஞ்சம் விட்டு, 180 கிலோஹேர்ட்ஸ் அளவில் 50 துண்டாக்கி, மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை யாருக்கு எது என்று கொடுக்கிறது. கிட்ட நிற்கும் இரண்டு போனுக்குச் சொற்ப வலு போதும். ஆகவே வேறொருவர் டவரோடு பேசும் அதே துண்டை இந்தச் சோடிக்கும் கொடுக்கலாம். யாருடைய துண்டு என்பதில்தான் சூட்சுமம். டவருக்குத் தூரத்தில் இருப்பவர் உரத்துப் பேசுவார். அவர் சோடிக்கு அருகே நின்றால் இவர்கள் பேச்சு மூழ்கிவிடும். சோடி டவரடியில் நின்றாலோ, மற்றவர் பேசுவது டவருக்கே சரியாகக் கேட்காது. இதையெல்லாம் போன்கள் அளந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கும் அலைவரிசை செலவாகும்.

சரி, டவரே செத்துவிட்டால்? அதற்கும் வழி வைத்தார்கள். முன்பே ஒதுக்கிய துண்டுகளில் போன் தானே ஒன்றை எடுக்கும். இரண்டு போன் ஒரே துண்டை எடுத்து மோதினாலும் ஒன்றாவது தப்பட்டும் என்று ஒவ்வொரு தரவுப் பொதியையும் நான்கு தடவை அனுப்பும். ஆனால் அந்த வெளியீட்டில் இந்த நேரடிப் பேச்சு, பொலிஸ், தீயணைப்புப் போன்ற பாதுகாப்புச் சேவைகளுக்கு மட்டும்.

எனக்கு ஆற்றாமை அங்கேதான். கார்த்திகை, மார்கழிப் புயலில் கரண்ட் போய், டவர் பற்றரியும் இறங்கினால் முதலில் ஓடிவருவது அயலட்டைதான். 50 துண்டில் இரண்டையாவது, டவர் இல்லாத நேரத்தில் சாதாரண சனத்தின் குறுஞ்செய்திக்கு விட வேண்டும் என்று அலைவரிசை கொடுக்கும்போதே ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிபந்தனை போடட்டும். அதைச் செய்யக்கூடிய போனும் கடைக்கு வரவேண்டும். நெடுந்தீவில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு "அப்பு கரைக்கு வந்திட்டார்" என்று சொல்ல அந்த இரண்டு துண்டு தாராளம்.