ஆமென் போய்ச் சேர எத்தனை நொடி?

அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயப் பிரசங்கங்களை யூடியூபில் கேட்பது எனக்குப் பல வருடப் பழக்கம். பக்தி என்று சொல்ல முடியாது, அந்தக் குரலுக்காகத்தான். 2020இல் கொரோனாவால் ஆலயங்கள் மூடியபோது, அதே போதகர்கள் காலி இருக்கைகளுக்கு முன் நின்று பேசிய நேரலைகளையும் பார்த்தேன். ஆள் அதே ஆள், பேச்சு அதே பேச்சு. ஆனாலும் ஒட்டவில்லை.

காரணம் புரியக் கொஞ்ச நாள் ஆனது. அங்கே பாதிப் பிரசங்கத்தைச் சபைதான் செய்கிறது. போதகர் ஒரு வரி சொன்னால் கீழேயிருந்து "ஆமென்", "சொல்லுங்க பாஸ்டர்" என்று குரல் எழும். உச்சத்தில் அவர் ராகம் போட்டு இழுக்கத் தொடங்கினால் ஹேமண்ட் ஆர்கன் என்ற மின் இசைக்கருவி வரிக்கு வரி பதில் கொடுக்கும். அந்தப் பதிலின் சூட்டைப் பார்த்துத்தான் அடுத்த வரியை நீட்டுவதா முடிப்பதா என்று அவர் தீர்மானிக்கிறார். நேரலையில் படம் நம்மிடம் வரவே சில நொடிகள் ஆகும். நாம் "ஆமென்" என்று தட்டி அனுப்புவதற்குள் அவர் அடுத்த வசனத்தில் இருப்பார். ஸூம் இன்னும் மோசம். ஒருவர் பேச மற்றவர்கள் வாய் மூடியிருக்கும் ஆபீஸ் மீட்டிங்குக்காகச் செய்தது அது. கைதட்டலையும் ஆர்கனையும் இரைச்சல் என்று அமுக்கப் பார்க்கும்.

அதற்காக "டெக்னாலஜி சபையைக் கெடுத்துவிட்டது" என்று புலம்புகிறவர்களோடு நான் இல்லை. அட்லாண்டாவின் பாப்டிஸ்ட் போதகர் ஜே. எம். கேட்ஸ் 1926லேயே பிரசங்கத்தை இசைத்தட்டில் பதிந்தவர். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதற்கும் பதில் குரல் கொடுக்கச் சபையார் சிலரை உடன் வைத்துக்கொண்டார் பாருங்கள், மனுஷனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது! 1950களில் டெட்ராய்ட்டின் சி. எல். பிராங்க்ளினை (பாடகி அரீதாவின் அப்பா) ஆலயத்திலேயே வைத்துப் பதிந்தார்கள். "கழுகு தன் கூட்டைக் கலைத்து" என்ற வசனத்தை வைத்து அவர் செய்த பிரசங்கத்தில் சபையின் கூச்சலை நீக்கிவிட்டால் மிச்சம் பாதிதான்.

காணிக்கையும் கிவ்லிஃபை, கேஷ் ஆப் என்று பணம் அனுப்பும் செயலிகளாகப் போனுக்குள் போய்விட்டது. வரிசையாக எழுந்து பாட்டோடு முன்னால் நடந்து போய்ப் போடுவது பல சபைகளில் வழக்கம். பணம் வந்துவிடுகிறது, நடைதான் இல்லை. சரி, அது போகட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. அடிமைக் காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் காட்டுக்குள் ஒளிந்து ஜெபித்தார்கள். சத்தம் எஜமான் காதுக்குப் போகாதிருக்க இரும்புப் பானையைக் கவிழ்த்து வைத்தோம் என்று, விடுதலையான பலர் முதுமையில் சொன்னது பதிவாகியிருக்கிறது. இன்று பானை இருந்த இடத்தில் கேமரா. அதன் விலையை 2008லேயே பார்த்தோம். சிகாகோ ட்ரினிட்டி சபையின் போதகர் ஜெரமையா ரைட் பல வருடம் முன்பு செய்த பிரசங்கங்களிலிருந்து, அமெரிக்காவைக் கோபமாகச் சாடிய சில துண்டுகளைத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது, யூடியூப் பரப்பியது. அந்தச் சபையைச் சேர்ந்த ஒபாமா தேர்தல் களத்தின் நடுவே பிலடெல்பியாவில் தனி உரையே ஆற்ற வேண்டியிருந்தது. அப்புறம் மே கடைசியில் சபையைவிட்டே விலகினார். ரைட் பேசியதெல்லாம் சரி என்று வாதாட வரவில்லை. தங்களுக்குள் கோபப்பட்டு அழ ஓர் இடம் வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

அதனால் என் ஓட்டு பழைய டெலிபோனுக்கு. விடியற்காலை ஜெப லைன் என்று ஒன்று உண்டு. ஒரு எண்ணை அழைத்தால் போதும், வேலைக்குக் கிளம்பும் பெண்களும் பாட்டிமார்களும் ஒரே அழைப்பில் இருப்பார்கள். முகம் காட்ட வேண்டாம், தலை சீவ வேண்டாம். ஒருவர் ஜெபிக்க இன்னொருவர் "ஆம் ஆண்டவரே" என்பார், அது நேரத்துக்குப் போய்ச் சேரும். யாரோ மியூட் போட மறந்து முட்டை பொரியும் சத்தம் கேட்கும். இன்னொருவர் அதட்டுவார். ஜெபிக்கிறவர் எதற்கும் நிறுத்தமாட்டார்.